சன்னாசி உடனே வெளியே வரவும்

என் பெயரை இதுவரை மூன்றே இடங்களில்தான் எழுதியிருக்கிறார்கள். முதலாவது, தேயிலைத் தோட்டத்துப் பிறப்புப் பதிவு. அதில் அப்பாவின் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் என் பெயரையும், என் இடத்தில் அப்பாவையும் எழுதிவைத்த புண்ணியவான் யாரென்று தெரியவில்லை. இன்றைக்கும் அரசாங்கக் கச்சேரிக்குப் போனால் நான் என் அப்பனைப் பெற்றவனாகத்தான் வரிசையில் நிற்கவேண்டும். இரண்டாவது, அரிசிக் கூப்பன் புத்தகம். மூன்றாவது, வத்தேகம தியேட்டரின் வெள்ளைத் திரை. அங்கே என் பெயர் பத்தடி நீளத்துக்கு வந்தது. ஒருமுறை இல்லை, இரண்டுமுறை.

அந்தத் தியேட்டருக்கு வாசலில் பெரிய பெயர்ப்பலகை உண்டு. அதை யாரும் வாசித்ததாகத் தெரியவில்லை. தியேட்டர் என்றாலே போதும், வேறு தியேட்டர் கிட்டத்தில் இல்லை. தகரக் கூரை. மழை பிடித்துக்கொண்டால் படத்தில் ஆட்கள் வாயசைப்பது மட்டும்தான் தெரியும். அப்போது ஏற்கெனவே அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் பார்க்காதவர்களுக்கு வசனத்தைக் கத்திச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். எங்கள் தோட்டத்து மேல் டிவிசன் கங்காணி ஒருவர் இப்படிச் சொல்லும்போது தன் சொந்த வசனத்தையும் நடுவில் சேர்த்துவிடுவார். படத்தில் இருந்ததைவிட அது நன்றாகவே இருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் தோட்டத்துச் சனமெல்லாம் கேலரியில் இருக்கும். கடைக்கார முஸ்லிம் குடும்பங்கள் மேலே பல்கனியில். சிங்களக் கிராமத்து ஆட்கள் நடுவில். தமிழ்ப் படத்துக்கும் வருவார்கள், ஒரு சொல் விளங்காது, ஆனால் அழவேண்டிய இடத்தில் எங்களுக்கு முந்தி அழுதுவிடுவார்கள்.

இந்தத் தியேட்டரில் ஒரு வழக்கம் இருந்தது. எங்கள் லயத்து வரிசை வீடுகளில் டெலிபோனா இருக்கிறது? ஞாயிற்றுக்கிழமை ஒருவனுடைய பெண்சாதிக்குப் பிள்ளை வலி கண்டால், ஒருவனுடைய மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடினால், ஆளைத் தேடி முதலில் தியேட்டருக்குத்தான் ஓடிவருவார்கள். வந்து கேட்டில் டிக்கெட் கிழிக்கும் முஸ்லிம் நானாவிடம் சொல்வார்கள். அவர் உள்ளங்கையளவு கண்ணாடித் துண்டு ஒன்றை எடுத்து, மண்ணெண்ணெய் விளக்குப் புகையில் காட்டிக் கரி பிடிக்கவைத்து, அதன்மேல் ஊசியால் எழுதுவார். மேலே இருக்கிற ஒப்பரேட்டர் அதைச் சிலைட் மெசினில் போட்டால், ஓடுகிற படத்துக்கு மேலேயே எழுத்து வெள்ளையாய் எரியும். ‘மேல் டிவிசன் இன்னார் உடனே வெளியே வரவும்.’ ஒப்பரேட்டர் சிங்களவர், நல்ல மனிதர், தமிழ் எழுத்துக்குத் தலை எது கால் எது என்று அவருக்குத் தெரியாது. சில நாளைக்குத் தலைகீழாகப் போட்டுவிடுவார். கேலரி முழுக்கத் தலையைச் சாய்த்துக்கொண்டு வாசிக்கும்.

தமிழரை அடித்த கலவரம் நடந்த பிறகு அந்தச் சிலைட்டைப் பார்த்தாலே பெரியவர்களுக்குப் பயம். எங்கள் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் லயத்துக்கே நெருப்பு வைத்திருந்தார்கள். தியேட்டரும் ஒரு மாதம் போல மூடிக்கிடந்துதான் திறந்தது. அதற்குப் பிறகு யாருடைய பெயராவது திரையில் வந்தால், பெயருக்குரியவன் எழும்பிப் போவதற்குள் சுற்றியிருக்கிற பத்துப் பேர் செருப்பைத் தேடுவார்கள்.

எனக்கு அந்தப் பயமெல்லாம் இல்லை. எனக்கு இருந்தது பொறாமை. பெயர் வந்த ஆள் எழும்பும்போது முழுத் தியேட்டரும் திரும்பிப் பார்க்கிறதே, அந்தப் பாக்கியம் நமக்கு எப்போது கிடைக்கும் என்று ஏங்கிக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பை இரண்டாவது தடவையாகப் படித்துக்கொண்டிருந்த காலம் அது. என் பெயரை வாசிக்கத் தெரியும். ‘உடனே வெளியே வரவும்’ என்பதை எழுத்துக் கூட்டாமலே, அதன் உருவத்தை வைத்துத் தெரியும். அதற்குமேல் என்றால் நேரம் பிடிக்கும்.

நானாவிடம் கேட்டுப் பார்த்தேன்.

“நானா, எம்பேரையும் ஒருக்கா போடுங்களேன்.”

“ஒன்ட பேரப் போடுறத்துக்கு ஒன்ட ஊட்டுல ஆராச்சும் மவுத்தாகணும் மகன். ஆராச்சும் ஈக்கிறா?”

நான் வீட்டுக்குப் போய் யார் சாகலாம் என்று ஒவ்வொருவராக யோசித்துப் பார்த்தேன். அம்மா கூடாது, சோறு போடுவது அவர். அப்பா கூடாது, அம்மா அழுவார். அக்காவைப் பற்றி யோசிக்கவே இல்லை. கடைசியில் அக்காவின் மாமியார்தான் தோதாகப்பட்டார். அடுத்த ஞாயிறு போய்ச் சொன்னேன்.

“எங்கக்கா மாமியாருக்கு இருமல் நானா. ராவெல்லாம் தூங்கல.”

“இருமலுக்கெல்லாம் சிலைட் போட ஏலாது. போ, போ.”

அந்த மாமியார் காம்பரா என்கிற எங்கள் லயத்து அறைக்கு எப்படி வந்தார் என்று சொல்லவேண்டும். அக்காவைப் புசல்லாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில் கட்டிக் கொடுத்திருந்தது. அம்மா விடிந்தால் மலைக்குக் கொழுந்தெடுக்கப் போய்விடுவார். என்னைக் குளிப்பாட்டியது, சோறூட்டியது, அடித்தது, அடித்த இடத்தில் எண்ணெய் தடவியது எல்லாம் அக்காதான். அதனால் கலியாணத்தன்று பெண்ணும் மாப்பிள்ளையும் ஏறின வேனுக்கு முன்னால் நான் மல்லாக்கப் படுத்துவிட்டேன். தூக்க வந்த மாப்பிள்ளையின் கையைக் கடித்தேன். நாலு பேர் என்னைத் தூக்கிக் கோழிக்கூட்டுக்குள் போட்டுக் கதவைச் சாத்திய பிறகுதான் வேன் நகர்ந்தது. லயத்தில் எந்தக் கலியாணம் நடந்தாலும், “அந்தச் சன்னாசிப் பயலப் புடிச்சுக் கட்டுங்கடா” என்று அதற்குப் பிறகு வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

கலவரத்தில் மச்சான் வீட்டு லயத்தைக் கொள்ளையடித்துவிட்டார்கள். உடுத்திய துணியோடும் கைப்பிள்ளையோடும் மச்சானும் அக்காவும் மாமனார் மாமியாரும் எங்கள் ஒற்றைக் காம்பராவுக்கு வந்து சேர்ந்தார்கள். எனக்குத் திருவிழாவாக இருந்தது. அக்கா வந்துவிட்டாளே, அதைக் கலவரம்தான் கொண்டுவந்து கொடுத்தது என்று உள்ளுக்குள் அதற்கு நன்றிகூடச் சொன்னேன். கிட்டத்தட்ட ஒரு வருஷம் எட்டுப் பேர் ஒன்றாய் நெருங்கிப் படுத்தோம். மச்சான் குடும்பம் இந்தியப் பிரஜையாகப் போக எழுதிப் போட்ட குடும்பம். நாங்கள் சிலோன் பிரஜையாக இருக்க எழுதின குடும்பம். ஒரே அடுப்பில் கஞ்சி குடிக்கிறவர்களில் பாதிப் பேர் அந்த நாடு, பாதிப் பேர் இந்த நாடு. கட்டிக்கொண்டதால் அக்கா அந்த நாடு. இதெல்லாம் பெரியவர்கள் பேசும்போது காதில் விழும். கண்டி ஸ்டேசனில் கோச்சி ஏறி, மன்னாரில் கப்பல் ஏறவேண்டுமாம். எனக்கு இந்தியா என்றால் கண்டிக்குப் பக்கத்தில் கொஞ்சம் பெரிய ஊர்.

அவர்களுக்குப் பாஸ்போட் வந்தது. டிரங்குப் பெட்டி வாங்கினார்கள். பெட்டியின்மேல் வெள்ளைப் பெயின்டில் மச்சானின் அப்பா பெயரை எழுதினார்கள். “எப்பப் போறாங்க?” என்று அம்மாவைக் கேட்டேன்.

“வாற மாசம்டா. அதுக்கு எம்புட்டு நாளு கெடக்கு.”

நம்பினேன். எதையும் நம்புகிற வயது என்று சொல்லிச் சமாளிக்கலாம், ஆனால் இப்போதும் நான் அப்படித்தான்.

அடுத்த ஞாயிறு காலை அம்மா என்னைக் கூப்பிட்டார். “டேய், படத்துக்குப் போறியா?”

எனக்குக் காது கோளாறாகிவிட்டதோ என்று சந்தேகம் வந்தது. தியேட்டர் வாசலில் நின்றதற்கே விறகுக் கட்டையால் அடித்தவர் அம்மா. இப்போது டிக்கெட்டுக்கும் கடலைக்கும் அவரே காசை என் கையில் வைத்து விரலை மடக்கிவிட்டார்.

“அக்காவும் வருவாளா?”

“புள்ளைய வச்சிக்கிட்டு அவ எங்க வாறது? நீ போ.”

அக்கா எனக்குத் தலைவாரிவிட்டாள். வாரினாள், கலைத்தாள், மறுபடியும் வாரினாள். சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டு அந்தப் பொத்தானையே பிடித்துக்கொண்டிருந்தாள்.

“நேரமாகுதுடி, விடு அவன” என்றார் அம்மா.

“பராக்குப் பாக்காம போயிட்டு வாடா” என்று அக்கா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். புகை என்று நினைத்தேன். அடுப்பில் நெருப்பு இருந்ததா என்று பார்க்கவில்லை. நான் அதற்குள் பாதி இறக்கம் ஓடியிருந்தேன்.

கேலரி டிக்கெட்தான் எடுத்தேன். இருட்டானதும் குனிந்து போய் இரண்டாம் வகுப்பில், முதுகு வைத்த கதிரையில் உட்கார்ந்துகொண்டேன். பக்கத்தில் ஒரு சிங்கள அம்மா மடியில் குடையோடு இருந்தார். படம் தொடங்கி அரைமணி போயிருக்கும், மழை பிடித்தது. தகரம் அதிர்ந்தது. கங்காணி இருட்டில் எங்கேயோ இருந்து தன் வசனத்தைத் தொடங்கினார்.

அப்போதுதான் வந்தது. கதாநாயகன் தன் தாயின் காலில் விழுந்து கும்பிடுகிறான், அவன் முதுகின்மேல் என் பெயர்.

‘மேல் டிவிசன் சன்னாசி உடனே வெளியே வரவும்.’

தலைகீழாகக்கூட இல்லை, நேராக. நான் கதிரையின்மேல் ஏறி நின்றுவிட்டேன். நானா எத்தனை நல்ல மனிதர்! யாரும் சாகாமலே போட்டுவிட்டாரே! பக்கத்து அம்மாவிடம் என் நெஞ்சைத் தட்டித் திரையைக் காட்டினேன். அவருக்கு எழுத்து விளங்கவில்லை, ஆனால் காரியம் விளங்கிவிட்டது. “யன்ன, மல்லி, யன்ன” என்று வாசலைக் காட்டி என்னைப் போகச் சொன்னார். நான் சிரித்துக்கொண்டு தலையாட்டினேன். போனால் எப்படிப் பார்ப்பது? இன்னொருமுறை போடுவார்கள் என்று எனக்குத் தெரியும். ஆள் வராவிட்டால் இரண்டாவது தடவை போடுவதுதான் வழக்கம்.

போட்டார்கள். இந்தத் தடவை அந்த இரண்டு வரிக்கு அடியில் இன்னும் ஒரு வரி இருந்தது. எனக்கு எங்கே அதற்கு நேரம்? கேலரியில் எங்கள் லயத்துப் பையன்கள் பார்க்கிறார்களா என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக் கையை ஆட்டிக்கொண்டிருந்தேன். என் பெயரைப் பார்த்தேன், முன்னைவிடப் பெரிதாகத் தெரிந்தது. கடைசி வரியின் முதல் எழுத்துக்கு வருவதற்குள் வெளிச்சம் போய்விட்டது.

கொஞ்ச நேரத்தில் டோர்ச் வெளிச்சம் ஒன்று கதிரை கதிரையாக வந்தது. நானாதான். ஏதோ கத்திக்கொண்டு வந்தார், மழையில் வாய்தான் தெரிந்தது. கேலரி டிக்கெட்டோடு இரண்டாம் வகுப்பில் உட்கார்ந்ததைக் கண்டுபிடித்துவிட்டார் என்று எனக்கு உயிரே போய்விட்டது. கதிரைக்கு அடியில் நுழைந்து, அந்த அம்மாவின் சேலைக்குப் பின்னால் சுருண்டுகொண்டேன். டோர்ச் என் தலைக்கு மேலே ஒரு நிமிஷம் நின்றது. பிறகு போய்விட்டது. தப்பித்துவிட்டேன் என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

வெளியே நடந்ததை அப்பா எனக்குச் சொன்னது எனக்கே மீசை வந்த பிறகு. அக்கா குடும்பத்தையும் சாமானையும் ஏற்றின லொறி கண்டிக்குப் போகிற வழியில் தியேட்டர் வாசலைத் தாண்டித்தான் போகவேண்டும். நான் மறுபடியும் வண்டிக்கு முன்னால் படுத்துவிடக்கூடாதென்று எனக்குத் தெரியாமல் புறப்படும் யோசனைக்கு அக்காவும் சம்மதித்துத்தான் இருந்தாள். தியேட்டரைக் கண்டதும் லொறியின் தலையைத் தட்டி நிறுத்தச் சொல்லிவிட்டாளாம். பிள்ளையை மாமியார் மடியில் போட்டுவிட்டு மழையில் இறங்கி ஓடினாளாம். எதிர்க்கடைத் தாழ்வாரத்தில் ஒதுங்கி நின்ற நாலைந்து பேர், பெட்டி படுக்கையோடு நிற்கிற தோட்டத்துச் சனத்தைப் பார்த்துக் கூச்சல் போடத் தொடங்கினார்கள். ஒருவன் லொறியின் பக்கத்துப் பலகையில் ஓங்கி அடித்தான். ஒரு கல் தார்ப்பாயில் வந்து விழுந்தது. லொறிக்காரன் என்ஜினை நிறுத்தாமல் ஹோர்ன் அடித்துக்கொண்டே இருந்தான். அக்கா கேட்டை விடவில்லை. “அக்கான்னு போடுங்கண்ணே, அப்பத்தான் வருவான்” என்று நானாவிடம் கெஞ்சியிருக்கிறாள். டோர்ச்சோடு போன நானா வெறுங்கையோடு வந்ததும், இரண்டாவது கல் விழுந்தது. வழியனுப்பக் கூடப் போன அப்பா இறங்கி வந்து அவளைத் தூக்கித்தான் லொறியில் போட்டாராம். அவளை அப்படித் தூக்கவேண்டி வந்ததைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை.

அக்கா இந்தியா போய்ச் சேர்ந்து மூன்று கடிதம் போட்டாள். பிறகு கடிதம் வரவில்லை. கொஞ்ச நாளில் கப்பலும் நின்றுபோனது.

அன்றைக்கு இடைவேளையில் நான் மன்னிப்புக் கேட்கிற முகத்தை ஒன்று தயார் செய்துகொண்டு கேட்டுக்குப் போனேன். நானா முக்காலியில் உட்கார்ந்திருந்தார். சட்டையெல்லாம் நனைந்திருந்தது.

“எங்கடா ஈந்த நீ?”

“உள்ளுக்குத்தான் நானா.”

“பேரப் பாக்கல்லயா?”

“பாத்தேனே! ரெண்டு தரமும் பாத்தேன். நல்லா வெளங்கிச்சு.”

“பாத்துட்டு ஏன்டா வரல்ல?”

“வந்தா எப்புடிப் பாக்கிறது?” என்றேன். அவர் நனைந்த சட்டை நுனியைப் பிழிந்தார். நன்றி சொல்லவில்லை என்று கோபமாக்கும் என்று நினைத்து, “ரொம்ப நன்றி நானா, யாரும் சாகாமலே போட்டுட்டீங்களே” என்றேன்.

அடிக்கப்போகிறார் என்று நினைத்தேன், கை அப்படித்தான் எழும்பியது. ஆனால் அந்தக் கை என் தலையில் வந்து நின்றது, கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது. பிறகு உள்ளே போய் அந்தக் கண்ணாடியைக் கொண்டுவந்தார்.

“இத ஒங்கம்மாட்ட கொண்டு போய்க் குடு. ஓரத்தால புடி. எழுத்துல வெரல் பட்டா அழிஞ்சிரும்.”

மீதிப் படத்தை நான் பார்க்கவில்லை. இடைவேளையோடு தியேட்டரை விட்டுப் போன ஒரே நாள் அதுதான். மழை விட்டிருந்தது. இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் கண்ணாடியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, மூக்கு அரித்தால் தோளில் தேய்த்துக்கொண்டு, அட்டை காலில் ஏறினதைக் கண்டும் குனியாமல், மேல் டிவிசன் வரைக்கும் ஏறினேன். எதிரே வந்தவர்களையெல்லாம் நிறுத்திக் காட்டினேன். இரண்டு பேர் அதை வாசித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு விலகிப் போனார்கள். பொறாமை பிடித்தவர்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் காம்பரா பெரிதாகத் தெரிந்தது. பெட்டிகள் இல்லை. பிள்ளையின் தொட்டில் சேலை இல்லை. அம்மா பற்றவைக்காத அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். இதெல்லாம் இப்போது சொல்கிறேன். அப்போது எனக்குக் கண்ணாடியைத் தவிர வேறொன்றும் கண்ணில் படவில்லை.

“அம்மா, இங்க பாருங்க! எம்பேரு! தியேட்டர்ல போட்டாங்க!”

“என்னாடா சொல்ற? எதுக்குப் போட்டாங்க?”

“சும்மாதான். நானா போட்டாரு. ரெண்டு தரம்!”

அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. “என்னா எழுதியிருக்கு? வாசி” என்றார்.

கண்ணாடியை வாசல் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தேன். முதல் இரண்டு வரியும் ஓடின. மூன்றாவது வரியில் நின்று எழுத்துக் கூட்டினேன். “அ… க்… கா. அக்கா. போ… றா. அக்கா போறா.”

அம்மா எழும்பி வந்தார். “லொறிய நிப்பாட்டுனாளா?”

“எந்த லொறி?”

“நீ வெளிய போய்ப் பாக்கலயா?”

“படம் ஓடிக்கிட்டு இருந்திச்சே. அக்கா எங்க போறா?”

அம்மா கண்ணாடிக்குக் கிட்டே குனிந்தார். “இன்னொருக்கா வாசி” என்றார்.

வாசித்தேன். இன்னொருக்கா என்றார். வாசித்தேன். எனக்குப் பெருமை தாங்கவில்லை. வாத்தியார் முதற்கொண்டு யாருமே நான் வாசித்து இரண்டாவது தடவை கேட்டதில்லை. என் வாசிப்பு அம்மாவுக்குப் பிடித்துவிட்டது என்று நினைத்துக் குரலை உயர்த்தி, கங்காணி வசனம் சொல்வது மாதிரி ஏற்ற இறக்கத்தோடு, ஏழெட்டுத் தடவை வாசித்தேன். பக்கத்துக் காம்பராக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவர்களுக்கும் கேட்கட்டுமென்று இன்னும் சத்தமாக வாசித்தேன்.

“இதுல எதுடா அக்கா?” என்று அம்மா கேட்டார்.

காட்டினேன். அம்மா அந்த எழுத்தின்மேல் விரலை வைத்தார். கொழுந்து கிள்ளிக் காய்ப்புப் பிடித்த விரல். அது மெதுவாக அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் போனது.

“ஐயோ, அழியுது! கைய எடுங்கம்மா!” என்று கத்திப் பிடுங்கினேன். மூன்றாவது வரி இருந்த இடத்தில் கரி கலைந்து, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எங்கள் வாசல் தெரிந்தது. அம்மா விரலில் ஒட்டின கரியைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கு என்ன வந்தது என்று எனக்கு விளங்கவில்லை. நான் கண்ணாடியை அவசரமாகத் தூக்கி, மேல் வரியைத்தான் பார்த்தேன். நல்ல வேளை, என் பெயருக்கு ஒன்றும் ஆகவில்லை.